வலது காதுக்கு மேலே இரண்டு விரல்

எங்கள் பின்னல் கடை முதலாளி சுவீ என்னிடம் கேட்டது ஒரே ஒரு பக்கம். “புதுசா மூணு பேர் சேர்ந்திருக்காங்க. நீ ரிட்டையர் ஆகி வீட்ல சும்மாதானே இருக்க? எந்திரம் பத்தி எழுதிக் குடுலா” என்றாள். சுவீ பேசுவது பாதி மலாய், பாதி ஆங்கிலம். நான் தமிழாக்கித் தருகிறேன். அவளுடைய ‘லா’வை மட்டும் அப்படியே விட்டுவிடுகிறேன். அதை எடுத்துவிட்டால் அது சுவீ இல்லை.

எந்திரத்தைப் பற்றி நான் எழுதப்போவதில்லை, பிள்ளைகளே. பின்னல் எந்திரத்தில் ஊசிகளின் மேல் ஓடும் கைவண்டியை எவ்வளவு அழுத்தித் தள்ளுவது, எந்த ஊசியை எப்போது நிறுத்திவைப்பது என்பதெல்லாம் ஒரு மாதத்தில் உங்கள் கைக்குத் தானாக வந்துவிடும். எனக்கு முப்பது வருடம் கழித்துத்தான் பிடிபட்ட ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். இந்தத் தம்போய்க் கடைக்கு வருவதற்கு முன், செனாய் பக்கம் ஒரு கம்பளிச்சட்டைத் தொழிற்சாலையில் இருந்தேன். குளிர் நாடுகளுக்குப் போகும் சட்டைகள். நாங்கள் வேர்த்து ஒழுகிக்கொண்டே பனிக்காலத்துக்குப் பின்னுவோம். சேர்ந்த இரண்டாம் மாதத்தில், சீட்டில் எழுதியிருந்த எண்ணைத் தவறாகப் படித்து, நாற்பது சட்டைகளுக்குக் கழுத்தைச் சின்னதாகப் பின்னித் தள்ளினேன். எங்கள் வரிசைக்குப் பொறுப்பான அம்மா திட்டவில்லை. அந்தச் சட்டைகளில் ஒன்றை எடுத்துத் தலையில் மாட்டினார். அது நெற்றியோடு நின்றுவிட்டது. அப்படியே, சட்டைக் கைகள் இரண்டும் யானைக் காதுபோலத் தொங்க, மத்தியானம் வரைக்கும் வரிசை முழுக்க நடந்து வேலை பார்த்தார். மேனேஜர் வந்து கேட்டதற்கும், “நல்லா இருக்கா சார்?” என்று மட்டும் சொன்னார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்றிலிருந்து எண்ணை மூன்று முறை படிப்பேன். எண் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்று அதன்பிறகு ரொம்ப காலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தொழிற்சாலை மூடியதும், மோட்டார் சைக்கிள் பட்டறைக்கு மேல்மாடியில் சுவீ புதிதாகத் திறந்திருந்த இந்த இடத்துக்கு வந்தேன். இங்கே நாம் பின்னுவது பெரெட். பள்ளி பேண்டு வாத்தியக் குழுக்களும் சீருடை இயக்கங்களும் போடுகிற, வட்டமாக, தட்டையாக, ஒரு பக்கம் சரிந்து நிற்கும் கம்பளித் தொப்பி. சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று அளவு. அதற்கு அடங்காத தலைகளுக்குத் தனியாக அளவெடுத்துப் பின்னித் தருவோம். அந்தத் தனி வேலை அப்போது என்னுடையது. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு சனிக்கிழமை மணியம் வந்தார். கூலாய்க்காரர், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுபவர். கையில் ஒரு கருஞ்சிவப்பு பெரெட். நாம் பள்ளிக்குக் கொடுத்ததுதான்.

“அக்கா, இது மக தர்ஷினியோடது. பதினாலு வயசு. பேண்டுல டிரம் அடிக்கிறா. காதுக்கு ஆபரேசன் பண்ணி மெஷின் வச்சிருக்கு” என்றார்.

போனில் படம் காட்டினார். வலது காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கருவி. அதில் மைக் இருக்கிறது. அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் மேலே போய், இருபது காசு நாணய அளவுள்ள வட்டு ஒன்றில் முடிகிறது. அந்த வட்டு காந்தத்தால் தலையோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அது நகர்ந்தால் அவளுக்கு எதுவும் கேட்காது. அவ்வளவுதான், சுவிட்சை அணைத்த மாதிரி.

“தொப்பி போட்டா வட்டு விழுந்துடுது. பேண்டுல எல்லாரும் வலது பக்கம்தான் சாய்ச்சுப் போடணும். அவளுக்கு மெஷினும் வலது பக்கம். கொஞ்சம் லூசா, அந்த எடத்துல குழி மாதிரி விட்டுப் பின்னித் தர முடியுமா? அடுத்த சனிக்கு அடுத்த சனி ஜோகூர் பாருவுல போட்டி.”

“பிள்ள வரலையா?”

“பயிற்சியில இருக்கா. அளவு கொண்டாந்திருக்கேன்” என்று, முடிச்சுப் போட்ட ஒரு நூலைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

நூலை மூன்று முறை அளந்தேன். தலையைப் பார்க்கவில்லை. என் முதல் தவறு அது.

ஒரு வாரத்தில் பின்னி முடித்தேன். பெரெட்டைக் கேக் துண்டுகள் போலப் பகுதி பகுதியாகப் பின்னி, கடைசித் துண்டை முதல் துண்டோடு சேர்ப்போம் என்பது உங்களுக்குத் தெரியும். வலப்பக்கத் துண்டுகளை அகலமாக்கி, வட்டுக்கென்று ஒரு பை மாதிரி இடம் விட்டேன். மறு சனிக்கிழமை அப்பாவும் மகளும் வந்தார்கள். ஒல்லியான பிள்ளை. விரல்கள் சும்மா இருக்கவில்லை, மேசை விளிம்பில் ஏதோ தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. தொப்பியைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தாள்.

“எப்படிம்மா இருக்கு?”

“ஓகே ஆன்ட்டி.”

“உறுத்துதா?”

“இல்ல, ஓகே ஆன்ட்டி. தேங்க் யூ.”

எனக்குப் பெருமை. அவர்கள் படியிறங்குவதற்குள் சுவீயிடம், “பாத்தியா, ஒரே தடவையில” என்றேன்.

திங்கட்கிழமை காலை மணியம் போன் செய்தார். பேசத் தயங்கினார்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நேத்து பயிற்சிக்குத் தொப்பிய எடுத்துட்டுப் போனா. ஆனா பேக்லயேதான் இருந்துச்சாம். கேட்டா ஓகே ஓகேங்கிறா. சிக்கு வேற, போட்டியில அவள அணிவகுப்புல சேர்க்காம, முன்னால பேனர் பிடிக்க வைக்கலாமான்னு கேட்டாங்க. வியாழக்கிழமை ஒத்திகையில முடிவு பண்ணுவாங்களாம்.”

சிக்கு என்றால் பேண்டுக்குப் பொறுப்பான ஆசிரியை. எனக்குச் சுருக்கென்றது. சுவீயிடம் சொன்னேன். அவள் வேன் சாவியை எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை கூலாயில் அந்தப் பள்ளித் திடலுக்குப் போய், ஓரமாக நின்று பார்த்தோம். தர்ஷினி நான் பின்னிய புதுத் தொப்பியைப் போடவில்லை. பழையதைப் போட்டிருந்தாள். இரண்டாவது பாட்டில் இடப்பக்கம் திரும்பும்போது அவள் கை ஒரு நொடி தடுமாறியது. வட்டு விழுந்துவிட்டது. டிரம்மை விட்டுக் கையை எடுக்க முடியாது. பக்கத்தில் இருந்த பையனின் குச்சியைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, அரைத் தட்டு பின்தங்கியே அடித்துக்கொண்டு போனாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாட்டு முடிந்ததும் வட்டைத் தேடி ஒட்டவைத்தாள். சிக்கு வந்து ஏதோ கேட்டார். “ஓகே சிக்கு” என்று தலையாட்டினாள்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காது கேட்காத நேரத்தில் இந்தப் பிள்ளை கற்றுக்கொண்ட பதில் அது. எதிரே இருப்பவர் என்ன சொன்னார் என்று தெரியாவிட்டாலும், சிரித்துக்கொண்டே ஓகே சொன்னால் எல்லாரும் திருப்தியாகப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித் திருப்தியாகப் போனவள்தான்.

இடைவேளையில் கேண்டீன் படியில் அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முகத்துக்கு நேராக, நிதானமாகப் பேசினேன்.

“தர்ஷினி, நான் பின்னுன தொப்பி நல்லா இல்ல. எனக்குத் தெரியும். எங்க நல்லா இல்லன்னு மட்டும் சொல்லு. ஓகேன்னு சொன்னா நான் இங்கேர்ந்து எந்திரிக்க மாட்டேன். எனக்கு முட்டி வலி வேற.”

அவள் சிரித்தாள். 

“ஆன்ட்டி, கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

“அது பழசவிட மோசம்.”

தூரத்தில் நின்ற சுவீக்கு என் முகமே போதுமாயிருந்தது. வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

“லூசா இருந்தா தொப்பி ஆடும் ஆன்ட்டி. ஆடுனா வட்டும் கூட ஆடும். அதவிட, கம்பளி வந்து மைக்ல உரசும். கர்ர் கர்ர்னு காதுக்குள்ள யாரோ காஞ்ச இலையில நடக்கிற மாதிரி இருக்கும். பாட்டே கேக்காது. எனக்கு டைட்டா வேணும். வட்ட நல்லா அமுக்கிப் பிடிக்கணும். ஆனா காதுகிட்ட மட்டும் ஒண்ணும் படக் கூடாது.”

அப்பாவும் நானும் லூசாக வேண்டும் என்றே நினைத்திருந்தோம். அந்தத் தலைக்குச் சொந்தக்காரி டைட்டாக வேண்டும் என்கிறாள். ஒரு வாரம் நான் மும்முரமாக எதிர்த்திசையில் ஓடியிருக்கிறேன்.

“எவ்வளவு மேல நிக்கணும்?”

வலது காதுக்கு மேலே இரண்டு விரலை வைத்துக் காட்டினாள். “இவ்ளோ.”

“சரி, இப்ப டிரம் அடி.”

“இங்கயா?”

“சும்மா காத்துல அடி. அடிக்கிறப்போ அளக்கணும்.”

படியில் உட்கார்ந்தபடி காற்றில் டிரம் அடித்தாள். அவளுக்குப் பின்னால் குனிந்து அளவெடுத்தேன். அடிக்கும்போது தாடை இறுகும், காதுப் பக்கத்துத் தசை மேலே ஏறும். அசையாமல் நிற்கும் தலைக்கும் வாசிக்கிற தலைக்கும் அரை விரல் வித்தியாசம் இருந்தது. இத்தனை வருடத்தில் நான் அளந்த தலைகளெல்லாம் புகைப்படத்துக்கு நிற்கிற மாதிரி விறைத்து நின்ற தலைகள்.

செவ்வாய்க்கிழமை பின்னினேன். விளிம்புப் பட்டை காதுக்கு மேல் வளைந்து ஏறி, தாண்டியதும் இறங்கியது. சரிந்து விழும் பக்கத்தை மட்டும் இரட்டை நூலில் பின்னினேன். அது துவண்டு காதில் படுக்காமல், வீட்டுக் கூரையின் தாழ்வாரம்போல விலகி நிற்க வேண்டும். பத்தடி தள்ளி நின்று பார்த்தால் மற்றப் பிள்ளைகளின் தொப்பிக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாது. எந்திரத்திலிருந்து எடுத்தபோதே மனசுக்குப் பிடித்துவிட்டது.

புதன்கிழமை மத்தியானம் அதைக் கெடுத்தேன்.

கம்பளியை வெந்நீரில் போட்டு உருட்டினால் சுருங்கித் தடிக்கும். அதுதான் பெரெட்டுக்கு அந்த வழுவழுப்பைக் கொடுக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்து அளந்து பார்க்க வேண்டும். அந்த நேரம் பொந்தியானிலிருந்து என் தங்கை போன் செய்தாள். அவள் மகனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தாள். பெண்ணின் புடவை, பெண்ணின் படிப்பு, பெண் வீட்டு கேசரி என்று எல்லாவற்றையும் கேட்டு முடித்து வந்து பார்த்தால், துவைக்கும் எந்திரத்துக்குள் கிடந்தது ஒரு கருஞ்சிவப்புத் தேங்காய்ச் சிரட்டை.

“அலமாக்!” என்று தலையில் கைவைத்தாள் சுவீ.

ஒத்திகை மறுநாள் நாலு மணிக்கு. அந்த நிறத்தில் மிச்சமிருந்தது ஒரே ஒரு நூல்கண்டு. வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. இன்னொன்றைப் பின்னினாலும், வெந்நீரில் போட்டுக் காயவைக்க நேரமில்லை.

“நீராவி காட்டி அச்சுல மாட்டி இழுத்தா ஓரளவுக்கு வரும்” என்றேன். உண்மையிலேயே வந்திருக்கும். அந்த வேலை எனக்குத் தெரியும்.

“வரும். காது வளைவு?”

“கொஞ்சம் கோணும்.”

“அந்தப் பிள்ளை போட்டுப் பார்த்துட்டு என்ன சொல்லும்?”

நான் சிரட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“ஓகே ஆன்ட்டின்னு சொல்லும்லா. அதுதான் எனக்குப் பயம்” என்றாள் சுவீ.

குறை சொல்லத் தெரிந்த ஒரு வாடிக்கையாளருக்கு அரைகுறை வேலையைக் கொடுத்தால் திருப்பி முகத்தில் எறிவார். தப்பித்துக்கொள்வோம். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறவர்களிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அந்தச் சிரட்டையை எடுத்து ஜன்னலில் வைத்தேன். மணியத்துக்குப் போன் செய்தேன்.

“தம்பி, தொப்பிய நான் கெடுத்துட்டேன். போன் பேசிக்கிட்டு இருந்துட்டேன், என் தப்புதான். நாளைக்குக் காலையில வேற ஒண்ணு பின்னப் போறேன். சரியா வரும்னு சத்தியம் பண்ண முடியாது.”

அந்தப் பக்கம் லாரி இன்ஜினை அணைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “நீங்க பின்னுங்க அக்கா. நான் நாலு மணிக்கு ஸ்கூல் கேட்ல நிக்கிறேன்” என்றார்.

மீதி மாலையில் ஒரே ஒரு கேள்வியோடு உட்கார்ந்தேன். வெந்நீரே காட்டாமல் பெரெட் மாதிரி ஒன்றைப் பின்ன முடியுமா? கண்ணிகளை எந்திரம் தாங்கும் கடைசி இறுக்கத்தில் வைத்துப் பின்னினால், துணி தானாகவே கெட்டியாக இருக்கும். ஊசி ஒடியலாம், நூல் அறலாம், கண்டு பாதியில் தீரலாம். உள்ளங்கை அளவு மாதிரித் துண்டு ஒன்று பின்னி, மேலே பிரஷ்ஷால் நீவிவிட்டேன். சுவீ அதை மற்றத் தொப்பிகளுக்குப் பக்கத்தில் வைத்து, அறையின் அந்தக் கோடிக்குப் போய்ப் பார்த்தாள்.

“எது எதுன்னு தெரியல. பின்னு” என்றாள்.

வியாழன் காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். கைவண்டி நகரவே மாட்டேன் என்றது. நான் தள்ள, சுவீ எதிர்ப்பக்கம் நின்று துணியைக் கீழே இழுத்துப் பிடித்துக்கொண்டாள். இரண்டு ஊசிகள் ஒடிந்தன. ஒவ்வொரு முறை ஒடியும்போதும் சுவீ தன் ஹொக்கியன் சீனத்தில் ஏதோ சொன்னாள். என்ன என்று நான் கேட்கவில்லை. கடைசித் துண்டை முதல் துண்டோடு சேர்த்துக் கையால் தைத்து முடித்தபோது கண்டில் மிச்சம் ஒரு முழம். மணி இரண்டரை. ஒரு வாய் சாப்பாடு கிடையாது. ஆனாலும் இரண்டு பேரும் ஏன் என்று தெரியாமல் சிரித்துக்கொண்டே இருந்தோம். வேலை நம்மைப் பிடித்து உலுக்கும்போது வருகிற சிரிப்பு அது. உங்களுக்கும் ஒருநாள் வரும்.

நெடுஞ்சாலையில் மழை. பள்ளிக் கேட்டில் மணியம் குடையோடு நின்றார். தர்ஷினி ஓடி வந்தாள். வேன் பக்கத்தில் வைத்தே போட்டுவிட்டேன். அவள் தலையை இடமும் வலமும் ஆட்டினாள், குனிந்தாள், குதித்தாள். வட்டு அசையவில்லை.  

“ஆன்ட்டி…”

“சொல்லும்மா.”

“பின்னால ஒரு எடத்துல குத்துது. இங்க. எனக்குப் பிடிக்கல.”

பிள்ளைகளே, என் வேலையைப் பற்றி எத்தனையோ பேர் நல்ல வார்த்தை சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குறையைப்போல எதுவும் எனக்கு இனித்ததில்லை. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். தையல் முடிச்சு ஒன்று உள்பக்கம் துருத்திக்கொண்டிருந்தது. வேன் இருக்கையில் உட்கார்ந்தே பிரித்து, தட்டையாக முடிந்து கொடுத்தேன். திரும்பப் போட்டாள்.

“இப்ப?”

“இப்ப நல்லா இருக்கு. கர்ர் கர்ரே இல்ல ஆன்ட்டி!”

வெந்நீரில் போட்டுத் தடித்த கம்பளிக்கு மேலே ஒரு பஞ்சுப் படலம் இருக்கும். அதுதான் மைக்கில் உரசிக்கொண்டிருந்திருக்கிறது. இறுக்கிப் பின்னியதில் அது இல்லை. இதை நான் யோசித்துச் செய்யவில்லை. நேரமில்லாததால் நடந்தது. பிறகு சிக்கு பாராட்டியபோது அவரிடமும் அப்படியே சொன்னேன்.

சிக்கு கெட்டவர் இல்லை. சீருடைக்கு மதிப்பெண் உண்டு, ஒரு பிள்ளையால் எல்லாருக்கும் குறைந்துவிடக் கூடாதே என்ற பயம் அவருக்கு. தொப்பியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பிறகு மூன்று பாட்டுக்கும் கண்ணை அவள் மேலிருந்து எடுக்கவில்லை. இரண்டாவது பாட்டின் இடப்பக்கத் திருப்பம் வந்தது. தர்ஷினியின் குச்சி சரியாக விழுந்தது. அடுத்த திருப்பத்திலும் விழுந்தது. பக்கத்துப் பையன்தான் ஒருமுறை தடுமாறி அவள் கையைப் பார்த்து அடித்தான். பாட்டு முடிந்ததும் சிக்கு, பேனர் பிடிக்க வேறொரு பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்.

சனிக்கிழமை போட்டிக்குச் சுவீ கடையைச் சாத்தினாள். கூட்டமென்றால் அப்படி ஒரு கூட்டம். பெற்றோர், ஐஸ்கிரீம் வண்டி, விசில், எல்லாம் ஒரே இரைச்சல். மணியம் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பள்ளி உள்ளே நுழைந்தபோது, கருஞ்சிவப்பு வரிசையில் எது தர்ஷினி என்று எனக்கே உடனே தெரியவில்லை. இரண்டாம் வரிசையில், வலது கோடியில், நிமிர்ந்து வந்தாள்.

எங்களுக்கு நேராக வரும்போது மணியத்தால் அடக்க முடியவில்லை. பெஞ்சின்மேல் ஏறி நின்று, லாரி ஹாரனைப் போன்ற தொண்டையில், “தர்ஷினீஈஈ!” என்று கத்தினார்.

அணிவகுப்பில் திரும்பிப் பார்க்கக் கூடாது. அவள் திரும்பவில்லை. குச்சியும் தவறவில்லை. கன்னம் மட்டும் சிவந்து, உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு எங்களைக் கடந்து போனாள். மணியம் பெஞ்சிலிருந்து இறங்க மறந்து நின்றார்.

அவர்களுக்குப் பரிசு கிடைக்கவில்லை. எக்காளம் ஊதுகிற இரண்டு பேர் திருப்பத்தை மறந்துவிட்டார்கள். போட்டி முடிந்ததும் தர்ஷினி தொப்பியைக்கூடக் கழற்றாமல் நேராக அப்பாவிடம் ஓடி வந்தாள்.

“ஏம்பா அப்படிக் கத்துனீங்க? எல்லாரும் சிரிக்கிறாங்க! மானமே போச்சு!”

“கேட்டுச்சாம்மா?” என்றார் மணியம். கண் நிறைந்திருந்தது.

“கேக்காமலா? சிங்கப்பூருக்கே கேட்டிருக்கும்!”